'அப்பா' என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை சண்டையா? 'பிரிட்ஜர்டன்' ரசிகர்களும் புதுக்கோட்டை ராஜாவின் மெல்போர்ன் கல்யாணமும்!

லண்டன், 1814-ம் ஆண்டு. பட்டு கவுன், முத்து மாலை, வயலின் இசை, வாசலில் வரிசையாகக் குதிரை வண்டிகள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே நிற்கும் கதாநாயகி, இறந்துபோன தன் தந்தையைப் பற்றிப் பேசும்போது 'அப்பா' என்கிறாள். சுற்றிலும் ஆங்கில வசனம், நடுவில் அச்சு அசல் தமிழ் 'அப்பா'.

நெட்ஃப்ளிக்ஸில் 2022 மார்ச் 25 அன்று வெளியான 'பிரிட்ஜர்டன்' இரண்டாவது சீசனைப் பார்த்த தமிழ் ரசிகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் அது. ஆனால், அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு குறைவு. அதே பெண் தன் தங்கையை வங்காளியில் 'போன்' என்று கூப்பிடுகிறாள். தங்கை இவளை 'தீதி' என்கிறாள். குடும்பப் பெயர் சர்மா. வந்து இறங்கியது பம்பாயிலிருந்து. தங்கைக்குத் தெரிந்த மொழிகளின் பட்டியலில் மராத்தியும் ஹிந்துஸ்தானியும் இருக்கின்றன, தமிழைக் காணோம்!

'இது எந்த ஊர்க் குடும்பம்ப்பா?' என்று ஆரம்பித்த கேள்வி, அடுத்தடுத்த சீசன்கள் வந்த பிறகும் அடங்கவில்லை. கல்யாணத்தையும் பாகுபாட்டையும் பற்றிப் பேசும் ஒரு சரித்திரத் தொடரில் சரித்திரம் எவ்வளவு இருக்க வேண்டும், கற்பனை எவ்வளவு இருக்கலாம்? இதில்தான் ரசிகர்கள் கட்சி பிரிந்து நிற்கிறார்கள். இந்தச் சண்டையைப் புதுக்கோட்டையில் உட்கார்ந்து பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். ஏனென்றால், கடல் கடந்து, நிறம் கடந்து நடந்த நிஜக் கல்யாணம் ஒன்று இந்த ஊரின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

(தொடரை இன்னும் பார்க்காதவர்கள் கவனத்துக்கு: கதையின் முக்கியத் திருப்பங்கள் கீழே வருகின்றன.)

தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளை

கதை இதுதான். கேட் சர்மாவுக்கு வயது 26. அந்தக் கால லண்டன் கணக்கில் கல்யாண வயது தாண்டியவள். தனக்கு வரன் வேண்டாம், தங்கை எட்வினாவுக்கு நல்ல இடம் அமைந்தால் போதும் என்று தாயோடும் தங்கையோடும் லண்டன் வருகிறாள். ஆன்டனி பிரிட்ஜர்டன் என்ற பிரபு எட்வினாவைப் பெண் கேட்கிறார். ஆனால், அவர் மனசு போவது அக்காவிடம். கல்யாணம் சர்ச் வரைக்கும் வந்து நின்றுபோகிறது.

ஜூலியா க்வின் 2000-ல் எழுதிய நாவல்தான் மூலம். அதில் கதாநாயகியின் பெயர் கேட் ஷெஃபீல்ட். அசல் ஆங்கிலேயப் பெண். தொடரில் அவளை இந்தியப் பெண்ணாக மாற்றினார்கள். கேட்டாக நடித்த சிமோன் ஆஷ்லி, எட்வினாவாக நடித்த சரித்ரா சந்திரன் இருவருமே தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டிஷ் நடிகைகள். வெளியான முதல் வார இறுதியிலேயே உலகம் முழுக்க 19 கோடி மணி நேரத்துக்கு மேல் ஓடியது இந்த சீசன்.

நம் ஊர் ரசிகர்களிடம் முதல் பஞ்சாயத்து நிறத்தைப் பற்றியோ சரித்திரத்தைப் பற்றியோ அல்ல. 'தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளையை அக்கா கட்டிக்கலாமா?' என்பதுதான். மேடை வரை வந்த தங்கையை அழவைத்துவிட்டு என்ன காதல் வேண்டியிருக்கிறது என்று ஒரு தரப்பு. மனசில் ஒருத்தியை வைத்துக்கொண்டு தங்கையின் கையைப் பிடித்திருந்தால் மூன்று பேர் வாழ்க்கையும் பாழாகியிருக்கும் என்று மறுதரப்பு. கே.பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' படத்தில் அக்காவுக்கு வரவேண்டிய வரன் தங்கைக்குப் போகும்போது, 1974-ல் அரங்கமே அக்காவுக்காக அழுதது. அந்த மாதிரி அக்காக்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தனக்கென்று ஒன்றை ஆசைப்படும் கேட் கொஞ்சம் உறுத்தத்தான் செய்வாள்.

அடுத்தது நிறம். தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களில் மாநிறத்துக்கு மேல் கறுப்பான கதாநாயகி வந்தால், பெரும்பாலும் அவளுடைய நிறமே கதையாகிவிடும். மாமியார் திட்டுவார், மாப்பிள்ளை வீடு எழுந்து போகும், அவள் கண்ணீர் விடுவாள். இங்கே கேட்டின் நிறத்தைப் பற்றி ஒரு வசனம்கூடக் கிடையாது. அவள் அழகி. பிரபுவுக்குத் தூக்கம் போகிறது. அவ்வளவுதான். தங்கை தலைக்கு அக்கா எண்ணெய் வைத்துவிடும் காட்சியும், ஆங்கிலேயர் போடும் டீயை முகம் சுளித்து ஒதுக்கிவிட்டு ஏலக்காய் தட்டிப்போடும் காட்சியும் பல பெண்களுக்கு அப்படிப் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம். திரையில் நம் சாயலில் ஒருத்தி, பரிதாபத்துக்கு ஆளாகாமல், கதாநாயகியாகவே வந்து போகிறாள்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் லேசாகத் தள்ள முடியாது. 1814-ல் இந்தியா எப்படி இருந்தது? கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. வேலூர்ப் புரட்சி நடந்து எட்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டு 15 வருஷம். அவரைப் பிடித்துக் கொடுத்ததில் புதுக்கோட்டைத் தொண்டைமானுக்குப் பங்கு உண்டு; கம்பெனிக்குச் செய்த உதவிகளுக்காக 1803-ல் கீழாநிலைக் கோட்டை இந்த சமஸ்தானத்துக்குக் கிடைத்தது. இந்தச் சரித்திரத்தைப் படித்தவர்களுக்கு, லண்டன் பிரபுக்களும் பம்பாய்ப் பெண்களும் கை கோத்து ஆடும் காட்சி கசக்காமல் இருக்குமா? 'அந்த மாளிகையின் சரவிளக்குக்கு எண்ணெய் ஊற்றியதே நம் ஊர்ப் பணம்' என்பது அவர்கள் கோபம்.

'கேளிக்கைக்குப் பார்க்கிற தொடரில் வரிக்கணக்கு எதற்கு?' என்று மூன்றாவது கோஷ்டி கேட்கும். அவர்களுக்குச் சண்டையே பிடிக்காது. ஆடைகளைப் பார்ப்பார்கள், பாலிவுட் பாட்டை வயலினில் கேட்பார்கள், தூங்கப் போவார்கள்.

'நடக்கவே நடக்காது' என்பதும் பொய்

இந்தச் சண்டையில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு வாக்கியம், 'அந்தக் காலத்தில் இதெல்லாம் நடந்திருக்கவே முடியாது' என்பது. அது சரியில்லை.

ஹைதராபாத் நிஜாம் அரசவையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக், கைருன்னிஸா என்ற பிரபு குலத்துப் பெண்ணை மணந்தார். இரண்டு பிள்ளைகள். 1805-ல் அந்தக் குழந்தைகளைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1802-ல் பிறந்த அந்தப் பெண் குழந்தைக்கு அங்கே ஞானஸ்நானம் கொடுத்து கேத்தரின் என்று பெயர் வைத்தார்கள். கிட்டி என்று கூப்பிட்டார்கள். 1814-ல், அதாவது கேட் சர்மா லண்டனில் நடனமாடியதாகச் சொல்லப்படும் அதே காலத்தில், நிஜமாகவே ஒரு ஹைதராபாத் பெண் இங்கிலாந்தின் செல்வந்தர் வீட்டில் 12 வயதுச் சிறுமியாக வளர்ந்துகொண்டிருந்தாள். பின்னாளில் எழுத்தாளர் தாமஸ் கார்லைல் மனதைப் பறிகொடுத்ததும், 1829-ல் ஒரு ஆங்கிலேய ராணுவ அதிகாரி மணந்துகொண்டதும் இந்த கிட்டியைத்தான். அவர் தன் தாயை மறுபடி பார்க்கவே இல்லை.

ஆக, கல்யாணங்கள் நடந்தன. குழந்தைகள் பிறந்தன. சபைகளிலும் வலம் வந்தார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலையைத்தான் தொடர் காட்டவில்லை. 'தீதி', 'போன்', 'அப்பா' என்று மூன்று மொழியில் கூப்பிடுகிறாளே என்று கோபப்படுகிறவர்கள் கிட்டியை நினைத்துப் பார்க்கலாம். அவருக்குக் கூப்பிட அம்மாவே பக்கத்தில் இல்லை, பிறந்தபோது வைத்த பெயரும் இல்லை.

ராஜா காதலித்தார்... பேதம் ஒழிந்தது!

பிரிட்ஜர்டன் உலகத்தில் நிறபேதம் ஏன் இல்லை? முதல் சீசனிலேயே லேடி டான்பரி ஒரு காரணம் சொல்லிவிடுகிறார். நிறத்தால் இரண்டாகப் பிரிந்து கிடந்த சமூகம், ராஜா ஒரு கறுப்பினப் பெண்ணைக் காதலித்து மணந்ததால் ஒன்றானதாம். ஒரு கல்யாணம், ஒரே அடியில் பேதம் காலி.

ரசிகர்களே இதை முழுசாக நம்பவில்லை. அதனால்தானோ என்னவோ, 2023-ல் வந்த 'குயின் சார்லட்' கிளைக்கதையில் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினார்கள். அங்கே கறுப்பினக் குடும்பங்களுக்குப் பட்டம் கிடைக்கிறது. லேடி டான்பரியின் கணவர் இறந்ததும் கேள்வி முளைக்கிறது: இந்தப் பட்டம் என் மகனுக்குப் போகுமா, அல்லது ஒரு தலைமுறையோடு சரியா? தொடரின் மொத்த அழகும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. ஏனென்றால் பாகுபாடு எப்போதும் 'நீ கறுப்பு, வெளியே போ' என்று கத்துவதில்லை. விருந்துக்கு அழைக்கும், கை குலுக்கும், வாரிசுரிமைப் பத்திரம் வரும்போது பேனாவை மூடி வைத்துவிடும். இந்தத் தொடரில் ராணி தலையிட, கேள்வி சுபமாக முடிகிறது.

நிஜத்தில்? அதற்குத்தான் புதுக்கோட்டைக்கு வரவேண்டும்.

மெல்போர்ன் பதிவு அலுவலகத்தில் ஒரு புதுக்கோட்டைக் கல்யாணம்

புதுக்கோட்டை அப்போது மாவட்டம் கிடையாது. தஞ்சாவூர், திருச்சி, மதுரை, ராமநாதபுரம் என்று பிரிட்டிஷ் ஜில்லாக்கள் சூழ்ந்திருக்க, நடுவில் தனி சமஸ்தானம். சொந்தமாக அம்மன் காசு அடித்த ராஜ்ஜியம். திருக்கோகர்ணம் பிரகதாம்பாளுக்கு அடியவர் என்று சொல்லிக்கொண்டே ராஜாக்கள் பட்டமேறுவார்கள்.

மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1875-ல் பிறந்தவர். பத்து வயதில், 1886-ல் பட்டத்துக்கு வந்தார். ஆங்கிலக் கல்வி, வெளிநாட்டுப் பயணம், குதிரைப் பந்தயம் என வளர்ந்த ராஜா. 1915-ல் ஆஸ்திரேலியா போனபோது, மெல்போர்னைச் சேர்ந்த மோலி ஃபிங்க் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவர் ஒரு வழக்கறிஞரின் மகள். அப்போது 20 வயது. ராஜாவுக்கு 39. அந்த வருஷம் ஆகஸ்ட் 10-ம் தேதி மெல்போர்ன் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்தது. ஆடம்பர நடன மண்டபமோ, கண் கலங்கும் பிரபுக்களோ கிடையாது. ஒரு மேஜை, ஒரு ரிஜிஸ்டர், இரண்டு கையெழுத்து.

சட்டப்படி செல்லும் கல்யாணம். ரத்து செய்ய யாராலும் முடியாது. ஆகவே பிரிட்டிஷ் அரசாங்கம் வேறு வழியைப் பிடித்தது. கல்யாணம் நடந்ததா? நடந்தது. அதற்காக மோலியை ராணி என்று ஒப்புக்கொள்ள மாட்டோம். 'ஹைனஸ்' என்ற மரியாதை அவருக்குக் கிடையாது. இவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்குப் பட்டத்துரிமை கிடையாது.

ஏன் இவ்வளவு பயம்? ஓர் ஆங்கிலேயர் இந்தியப் பெண்ணோடு வாழ்ந்தால், கம்பெனிக் காலத்தில் கண்டும் காணாமல் விட்டார்கள். ஓர் இந்திய ராஜா வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தால் கணக்கே தலைகீழ். ஆளும் இனம், ஆளப்படும் இனம் என்று போட்டு வைத்த கோட்டை, வீட்டுக்குள்ளிருந்தே அழிக்கிற காரியம் அது. அந்தப் பெண் ராணியானால் கலெக்டரின் மனைவி அவருக்கு முன்னால் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டுமே!

புதுக்கோட்டை மட்டுமல்ல, கபூர்தலா ராஜா மணந்த ஸ்பெயின் நடனக்காரர் அனிதா டெல்காடோவுக்கும் இதே கதிதான். ஆனால் அங்கே ராஜாவுக்கு வேறு மனைவிகள் மூலம் வாரிசுகள் இருந்தார்கள். இங்கே பிறக்கப்போகிற பிள்ளையே அரியணைக்கு உரிமை கேட்கும் நிலை. அதனால் அரசாங்கம் இன்னும் இறுகியது.

சரி, வெள்ளைக்கார அதிகாரிகள்தான் வில்லன்கள், உள்ளூரில் எல்லோரும் பூத்தூவினார்கள் என்று முடித்துவிட முடியுமா? முடியாது. கல்யாணம் ஆன சில மாதங்களில் தம்பதி புதுக்கோட்டைக்கு வந்தார்கள். மோலி கர்ப்பமானார். அந்த நேரத்தில் அவருக்கு விஷம் கொடுக்க முயற்சி நடந்ததாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அரளி என்று சொல்லப்பட்டது. கொடுத்தவர் யார் என்பது எதுவாக இருந்தாலும், அந்த வீட்டுக்குள் நிம்மதியாகப் பிள்ளை பெற முடியாது என்று தம்பதிக்குத் தோன்றியிருக்கிறது. 1916-ல் மறுபடி ஆஸ்திரேலியாவுக்கே கப்பலேறினார்கள். புதுக்கோட்டையில் மோலி வாழ்ந்தது சில மாதங்கள் மட்டுமே.

பிரிட்ஜர்டன் மூன்றாவது சீசனில் ஒரு காட்சி உண்டு. கேட் கர்ப்பமாக இருக்கிறாள். குழந்தை தாயின் மண்ணை அறிய வேண்டும் என்று, பிரசவத்துக்கு இந்தியா போகலாம் என்கிறார் கணவர் ஆன்டனி. ரசிகர்களில் பாதிப்பேர் உருகிப்போனார்கள். '1815-ல் எந்த இந்தியாவுக்குப் போகிறார்கள்?' என்று மீதிப்பேர் சிரித்தார்கள். புதுக்கோட்டைக் கதை தெரிந்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்தால் சிரிப்பும் வராது, உருகவும் தோன்றாது. இங்கே கப்பல் எதிர்த்திசையில் போனது.

கல்லூரிக் கதவைத் திறந்தவரும் அதே ராஜாதான்

இந்த ராஜாவை வெறும் காதல் பித்தர், குதிரைப் பந்தயப் பிரியர் என்று ஒதுக்கிவிடுகிறவர்களுக்கு இன்னொரு கல்யாணக் கதையையும் சொல்ல வேண்டும். அதுவும் இதே ஊர்.

மகாராஜா கல்லூரி முதல்வராக இருந்தவர் நாராயணசாமி ஐயர். தேவதாசி மரபில் வந்த சந்திரம்மாளைத் துணைவியாக ஏற்றார். சொந்தக் குடும்பம் அவரை ஒதுக்கி வைத்தது. அவர்களுக்கு 1886-ல் பிறந்த மகள்தான் முத்துலட்சுமி. பள்ளிப் படிப்பை முடித்த அந்தப் பெண் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. பையன்கள் படிக்கும் கல்லூரியில் ஒரு பெண்ணா என்பது ஒரு காரணம். அவருடைய தாயின் பின்னணி இன்னொரு காரணம். எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு அனுமதி கொடுத்தவர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். அன்று அவர் எதிர்ப்பாளர்களின் பேச்சைக் கேட்டிருந்தால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கிடைத்திருப்பாரா? 1927-ல் சென்னை சட்டமன்ற மேலவைக்குள் நுழைந்ததும், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதும், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானதும் எங்கே போய் நின்றிருக்கும்?

முத்துலட்சுமியின் சொந்தக் கல்யாணத்தையும் பாருங்கள். 1912-ல் டாக்டர் பட்டம். 1914 ஏப்ரலில் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் திருமணம். சாதி கடந்த கல்யாணம். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்பே பேசி, கணவர் ஒப்புக்கொண்ட பிறகு நடந்த கல்யாணம். அப்போது அவருக்கு வயது 27. பத்து வயதில் பெண்களுக்குத் தாலி கட்டிய காலம் அது. பெண்ணுக்கு 14 வயது ஆக வேண்டும் என்ற சாரதா சட்டமே 1929-ல்தான் வந்தது. 26 வயதில் கேட் சர்மாவை 'முதிர்கன்னி' என்று லண்டன் முணுமுணுப்பதைப் பார்த்து, 'இதெல்லாம் சினிமா' என்று சிரிக்கிறோம். அந்த வயதில் முத்துலட்சுமிக்குப் புதுக்கோட்டை என்ன பட்டப்பெயர் வைத்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும். (கொசுறு: இதே நாராயணசாமி ஐயரின் பேரன்தான் புதுக்கோட்டையில் பிறந்த ஜெமினி கணேசன். காதலும் கல்யாணமும் அந்த வம்சத்தில் எப்போதும் ஊர் பேசும் விஷயமாகவே இருந்திருக்கிறது.)

மற்றவர் வீட்டுப் பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட ராஜாவின் ஒரு கையெழுத்து போதுமாக இருந்தது. தன் வீட்டுப் பெண்ணுக்கு அதே கையெழுத்து உதவவில்லை. ராஜாவுக்கு மேல் ஒரு ராஜாங்கம் இருந்தது.

இவரை எப்படிப் பார்ப்பது?

இங்கேயும் இரண்டு கட்சி சாத்தியம். ஆட்சியையும் மக்களையும் விட்டுவிட்டு, ஒரு பெண்ணுக்காக ஐரோப்பாவில் போய் உட்கார்ந்துகொண்டவர் என்று குற்றம் சாட்டலாம். அதில் நியாயம் உண்டு. ஆஸ்திரேலியாவில் பந்தயக் குதிரைகள், பிறகு லண்டன், பிரான்ஸின் கான் நகரில் மாளிகை என்று அவர் வாழ்ந்த வாழ்க்கைக்குப் பணம் போனது வறண்ட சமஸ்தானத்தின் கஜானாவிலிருந்துதான். மழை பொய்த்தால் குளம் வற்றும் பூமி இது.

மறுபக்கம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவரை நெருக்கியது யார்? மோலியை மட்டும் விட்டுவிட்டு வந்திருந்தால், ராஜாவாக எந்தக் குறையும் இல்லாமல் அரண்மனையில் இருந்திருக்கலாம். மனைவியை 'மனைவி மாதிரி' வைத்துக்கொண்டு, ஊருக்கு ஏற்றபடி இன்னொரு கல்யாணம் செய்திருந்தாலும் பலருக்கு ஆட்சேபனை இருந்திருக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு தொகை பெற்றுக்கொண்டு ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகினார். 1922-ல் சகோதரர் துரைராஜா ரீஜண்டாக நிர்வாகத்தை ஏற்றார். 1928 மே 28 அன்று பாரிஸில் ராஜா காலமானார். எரியூட்டியது லண்டன் கோல்டர்ஸ் கிரீனில்.

அதே 1928-ல் இந்தூர் சமஸ்தானத்தில் இன்னொரு கல்யாணம் நடந்தது. அரியணையை விட்டு விலகியிருந்த துக்கோஜி ராவ் ஹோல்கர், நான்சி மில்லர் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார். நான்சி இந்துவாக மதம் மாறி, ஷர்மிஷ்டா தேவி என்று பெயர் மாற்றிய பிறகே அந்தக் கல்யாணம். மருமகளின் பெயரையும் சாமியையும் மாற்றிவிட்டு ஏற்றுக்கொள்வதைப் பரந்த மனசு என்று சொல்லலாமா? இன்றைய கல்யாண வீடுகளிலும் கேட்க வேண்டிய கேள்வி.

பிரிட்ஜர்டனிலும் இந்தக் கதை ஒளிந்திருக்கிறது, பலர் கவனிக்கவில்லை. கேட்டின் சித்தி மேரி, ஷெஃபீல்ட் என்ற பிரபு வீட்டுப் பெண். சாதாரண குமாஸ்தாவைக் காதலித்து இந்தியாவுக்குப் போனதற்காகப் பெற்றோர் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். வருஷங்கள் கழித்து இறங்கி வருகிறார்கள். ஒரு நிபந்தனையோடு. எட்வினா ஆங்கிலேயப் பிரபுவை மணந்தால்தான் சொத்து. கறுப்போ வெளுப்போ, அந்தஸ்தைக் காப்பாற்று என்பதுதான் அதன் சாரம். தொடரில் நிறபேதம் இல்லை என்று குறைபட்டுக்கொள்கிறவர்கள் இந்த விருந்துக் காட்சியை மறுபடி போட்டுப் பார்க்கலாம். வசனத்தில் மட்டும் 'குமாஸ்தா' என்ற இடத்தில் வேறொரு சொல்லை வைத்தால், திருச்சியிலோ தஞ்சாவூரிலோ ஒரு சாப்பாட்டு மேஜையில் இப்போதுகூடக் கேட்கலாம்.

தமிழ் சினிமாவும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறது. ஏ.எல்.விஜய்யின் 'மதராசபட்டினம்' 2010-ல் வந்தபோது கவர்னர் மகளும் சலவைத் தொழிலாளியும் காதலித்ததை மக்கள் கொண்டாடினார்கள். சுதந்திரம் வரும் இரவில் அவர்கள் பிரிந்துவிடுகிறார்கள். பிரிந்ததால்தான் அந்தக் காதல் எல்லோருக்கும் சம்மதமானதோ என்னவோ. சேர்ந்து வாழ்ந்து, பிள்ளை பெற்று, 'இவனுக்கு என்ன உரிமை?' என்ற கேள்வி வரும் இடத்துக்குக் கதை போகவே இல்லை.

புதுக்கோட்டையில் அந்தக் கேள்விக்குப் பெயரே உண்டு. 1916 ஜூலையில் சிட்னி நகரில் மோலிக்கு மகன் பிறந்தான். மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் வைத்தார்கள். அப்பாவின் பெயர், பிறந்த ஊரின் பெயர், வம்சத்தின் பெயர். மூன்றும் சேர்ந்த ஒரு பெயர். அப்பா இறந்தபோது பையனுக்கு 11 வயது. அப்பா பட்டமேறியதும் கிட்டத்தட்ட அதே வயதில்தான். ஆனால், தொண்டைமான் வம்சத்தின் இன்னொரு கிளையிலிருந்து, ஆறு வயது ராஜகோபாலனைத் தேர்ந்தெடுத்துப் பட்டம் கட்டினார்கள். 1948 மார்ச்சில் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தவர் அவர்தான். அந்த அரண்மனையில்தான் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடக்கிறது. வாரிசுச் சான்றிதழ் கேட்டும், சாதிச் சான்றிதழ் கேட்டும் மனுவோடு ஜனங்கள் வந்து நிற்கிறார்கள்.

மோலி 1967-ல் கான் நகரில் இறந்தார். அவருடைய அஸ்தியும் கோல்டர்ஸ் கிரீனில், கணவரின் அஸ்தியோடுதான் இருக்கிறது. சிட்னி தொண்டைமான் 1984 வரை வாழ்ந்தார். புதுக்கோட்டை மன்னர்களின் வரிசையில் மார்த்தாண்ட பைரவருக்கு அடுத்து ராஜகோபாலத் தொண்டைமான் பெயர்தான் வருகிறது.